கன்ஸாஷி: ஜப்பான் பொண்ணுங்க தலையில குத்திக்கிற அந்த அலங்காரத்துக்குப் பின்னாடி என்ன கணக்கு?

கேட்டது இதுதான்: ஜப்பான் திருவிழா போட்டோ, கல்யாண போட்டோ எது பாத்தாலும் பொண்ணுங்க தலையில ஏதாவது ஒண்ணு குத்தியிருக்கு, சிலருக்கு ஒரே ஒரு குச்சி, சிலருக்கு கன்னம் வரைக்கும் பூ தொங்குது, சிலருக்கு தலைய சுத்தி ஊசி ஊசியா நீட்டிட்டு நிக்குது, இதுக்கெல்லாம் ஏதாவது கணக்கு இருக்கா இல்ல இஷ்டத்துக்கு வைக்கிறதா, நாம வாங்கி வச்சா தப்பா நினைப்பாங்களா. கணக்கு இருக்குங்க, நிறையவே இருக்கு. பதில் கொஞ்சம் நீளம்.

மொத்தமா பேர் கன்ஸாஷி. சீப்பு, குச்சி, ரெண்டு கால் ஊசி, துணிப்பூ, தொங்கல்னு எல்லாத்தையும் பேச்சுல அந்த ஒரே பேர்ல சொல்லிடுவாங்க. ஆனா நெட்ல தேடினா வர்ற படங்கள்ல நாலு வேற வேற ஆளுங்க கலந்து கிடப்பாங்க, அதான் குழப்பத்துக்கே காரணம். ஒண்ணு கியோட்டோல டான்ஸும் பாட்டும் கத்துக்கிட்டு விருந்துகள்ல ஆடுற மைக்கோ பொண்ணு. ரெண்டாவது ஓய்ரான், அதாவது எடோ காலத்துல (1603-1868) யோஷிவாராங்கிற தாசிகள் பேட்டையில இருந்த பெரிய அந்தஸ்து தாசிகள், இப்போ ஊர்வலத்துல வேஷமா மட்டும் பாக்கலாம். மூணாவது கல்யாணப் பொண்ணு. நாலாவது, நிஜத்துல நாம அதிகமா பாக்குறது, கோடையில யுகாத்தாங்கிற மெல்லிசான பருத்தி கிமோனோ கட்டிக்கிட்டு வாணவேடிக்கை பாக்கப் போற சாதாரண காலேஜ் பொண்ணு. இவங்கள்ல ஒருத்தர் வைக்கிறத இன்னொருத்தர் வைக்க மாட்டாங்க. பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு வைக்கிற தலைசாமான் செட்டைப் பாத்துட்டு தமிழ் பொண்ணுங்க எல்லாம் இப்படித்தான் ஆஃபீஸ் போவாங்கன்னு ஒருத்தன் எழுதினா நமக்கு எப்படி இருக்கும், அந்த மாதிரிதான் நெட்ல பாதி கட்டுரை இருக்கு.

ஆரம்பம் ரொம்ப சிம்பிள். பூவோ இலையோ மரக்கிளையோ தலையில செருகுனா அதோட உயிர்ப்பு நமக்கும் வரும், கெட்டது அண்டாதுன்னு நம்பிக்கை. கூர்மையான ஒத்தைக் குச்சிக்கும் கெட்டத விரட்டுற சக்தி இருக்குன்னு நினைச்சாங்க. இந்தப் பழைய வழக்கம் இன்னும் முழுசா போகல, மே 15ஆம் தேதி கியோட்டோல நடக்கிற ஆஒய் மட்சுரிங்கிற திருவிழா ஊர்வலத்துல போறவங்க எல்லாரும், ஆம்பளைங்க உட்பட, ஆஒய்ங்கிற செடியோட இதய வடிவ இலைய தொப்பியிலயும் தலையிலயும் செருகிட்டுத்தான் போவாங்க. அந்த ஊர்வலத்துக்கு நடுநாயகமா பல்லக்குல வர்ற சாய்ஒ-தாய்ங்கிற பொண்ணு தலையில தங்க நிற அலங்காரமும் ரெண்டு காது பக்கமும் தொங்குற வெள்ளை நூலும் இருக்கும். கல்யாணம் ஆகாத கியோட்டோ பொண்ணுங்கள்ல இருந்து 1956லேருந்து வருஷா வருஷம் ஒருத்தர தேர்ந்தெடுக்குறாங்க. இதையும் மைக்கோ அலங்காரத்தையும் ஒண்ணுன்னு நினைச்சிடாதீங்க, இது அரண்மனை வழி, ரெண்டுக்கும் பல நூறு வருஷம் தூரம்.

நாரா காலத்துல, அதாவது 700கள்ல, சீனாவப் பாத்து சீப்பும் ஊசியும் வந்துச்சு. அப்புறம் ஹெய்ஆன் காலத்துல அரண்மனைப் பொண்ணுங்க முடிய தரை வரைக்கும் அப்படியே தொங்க விட்டாங்க, கட்டாத முடில ஊசி எங்க குத்துறது, அதனால பல நூறு வருஷம் இந்த சாமான் எல்லாம் ஓரங்கட்டப்பட்டுச்சு. 1500கள் முடியிற சமயத்துலதான் முடிய மேல தூக்கிக் கட்டுற ஃபேஷன் திரும்ப ஆரம்பிக்குது, 1603ல தொடங்கி 1868 வரைக்கும் போன எடோ காலத்துல அது வெறியா மாறுது. முன் முடி தனி, ரெண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரியுற பக்கமுடி தனி, கழுத்துக்கு மேல தொங்குற பின்முடி தனி, உச்சியில கொண்டை தனின்னு பிரிச்சு மெழுகு கலந்த எண்ணெய் போட்டு நிறுத்துவாங்க. இப்படி ஒரு கட்டடம் தலைமேல நின்னா அதுல மாட்டுறதுக்கு சாமான் வராம இருக்குமா.

அந்தக் காலத்து சாமான்ல முக்கியமானத சொல்றேன். கொண்டைக்கு முன்னாடி வைக்கிற சீப்பு குஷி, அரக்கு பூசி தங்கப்பொடில படம் வரைஞ்சது, சிப்பி பதிச்சதுன்னு அதுலயே ஆயிரம் ரகம். ஹொகுசாய்னு அலை ஓவியம் வரைஞ்சவர் தெரியும்ல, அவர் சீப்புக்கும் புகைக் குழாய்க்கும் டிசைன் மட்டுமே போட்டு 1823ல ஒரு மாதிரிப் புத்தகம் வெளியிட்டிருக்கார், அந்த அளவுக்கு சீப்பு பெரிய வியாபாரம். கோகாய்ங்கிறது கொண்டைக்குள்ள குறுக்க நுழையுற தடி, நிறைய கோகாய்ல ஒரு முனை கழண்டு வரும், தடிய நுழைச்சிட்டு மறுபடி மாட்டிடுவாங்க. தாமா கன்ஸாஷின்னா ஊசி தலைப்புல ஒரே ஒரு உருண்டை, பவளமோ பச்சைக்கல்லோ. ஹிராஉச்சின்னா தட்டையான வட்டத் தகடு, வெள்ளில குடும்ப முத்திரை வெட்டினது, சாமுராய் வீட்டுப் பொண்ணுங்க வச்சது. பிராபிரான்னா வெள்ளித் தகடு வரிசையா தொங்கி நடக்கும்போது சலசலன்னு சத்தம் போடுறது, சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கு. இதுலயே பூவ மெல்லிசான ஸ்பிரிங்ல நிறுத்தி வச்ச ரகமும் உண்டு, தலைய லேசா ஆட்டினாலே நடுங்கும்.

இவ்ளோ ஆடம்பரம் வந்தா அரசாங்கம் சும்மா இருக்காது. 1787லேருந்து 1793 வரைக்கும் ஒரு சீர்திருத்தம், 1841லேருந்து 1843 வரைக்கும் இன்னொண்ணு, ரெண்டுலயும் சிக்கனம் சிக்கனம்னு சட்டம் போட்டு தங்கம் வெள்ளி ஆமையோட்டு சாமான் எல்லாம் சாதாரண ஜனம் வைக்கக் கூடாதுன்னாங்க. வச்சாங்களா இல்லையான்னு நீங்களே ஊகிச்சுக்கலாம். பழைய கன்ஸாஷிய உத்துப் பாத்தா மேல் நுனில சின்ன கரண்டி மாதிரி ஒரு வளைவு இருக்கும், அது காது குடையுற நுனி. இது நகை இல்லீங்க, காது குடையுற குச்சின்னு அதிகாரிகிட்ட சாக்கு சொல்றதுக்காக அப்படி செஞ்சாங்கன்னு பரவலா சொல்றாங்க. காரணம் அதுவோ இல்லையோ, அந்த நுனி ஒரு வழக்கமாவே நின்னு போயி வெள்ளி ஊசில கூட, யாரும் காதுகிட்ட கொண்டு போகாத ஊசில கூட, அந்த வளைவு இருக்கும்.

ஓய்ரான் விஷயத்த சீக்கிரம் முடிச்சிடறேன். நீளமான ஆமையோட்டு ஊசிங்கள ரெண்டு பக்கமும் விசிறி மாதிரி பரப்பி, ரெண்டு மூணு பெரிய சீப்பும் வச்சுக்கிட்டா அது ஓய்ரான் தலை. விலையக் காட்டுறதுதான் நோக்கமே. இப்போ ஏப்ரல்ல டோக்கியோ அசாகுசாலயும் நீகதா பக்கம் ட்சுபமேலயும் ஊர்வலம் நடக்குது, உசரமான மரச்செருப்புல காலை வளைச்சு வளைச்சு நடக்குறத பாக்கலாம். காஸ்ட்யூம் கடையில விக்கிற 'கெய்ஷா செட்'ல முக்காவாசி இந்த ஓய்ரான் தலையத்தான் பிளாஸ்டிக்ல பண்ணியிருப்பாங்க, கெய்ஷாக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எனக்கு இதுல கொஞ்சம் கடுப்புதான்.

இப்போ மைக்கோ. கன்ஸாஷிய உண்மையா படிக்கணும்னா இவங்க தலையத்தான் படிக்கணும், ஏன்னா ஒரு மைக்கோவ பக்கத்துல பாத்தா இது எந்த மாசம், இவ இந்தத் தொழிலுக்கு வந்து எவ்ளோ நாளாச்சு ரெண்டும் தலையிலயே எழுதியிருக்கும். மிடில் ஸ்கூல் முடிச்சிட்டு 15 வயசுக்கு மேல வருவாங்க, சுமார் 5 வருஷம் பயிற்சி, 20 வாக்குல கெய்க்கோ ஆவாங்க. கெய்க்கோன்னா கியோட்டோல கெய்ஷாவ சொல்ற பேர். கெய்க்கோ ஆனதும் விக், அலங்காரமும் அடங்கிடும். மைக்கோவுக்கு மட்டும் சொந்த முடி. வாரம் ஒரு தடவை வாரிக் கட்டுவாங்க, அது கலையக் கூடாதுன்னு கழுத்துக்கு மட்டும் முட்டு குடுக்குற உசரமான தலையணைல படுப்பாங்க. உச்சில இழுத்து இழுத்துக் கட்டுறதுல நிறைய பேருக்கு நடுமண்டைல சின்னதா வட்டமா சொட்டை விழுந்துடும், வயசான கெய்க்கோங்க அதையே வேலை பாத்த அடையாளமா சொல்லிக்குவாங்க.

முதல் வருஷ மைக்கோவ கண்டுபிடிக்கிறது ஈஸி. கொண்டைல மேலயும் கீழயும் சிவப்புப் பட்டுத்துணி எட்டிப் பாக்கும், இடது நெத்திப் பக்கம் துணிப்பூ கொத்து, அதுலேருந்து சரம் சரமா இதழ் கன்னம் வரைக்கும் தொங்கும், வலது பக்கம் வெள்ளி பிராபிரா. உதட்டுச் சாயம் கீழ் உதட்டுக்கு மட்டும். ஒரு வருஷம் முடிஞ்சதும் அந்தத் தொங்கல் போயிடும், வெறும் கொத்துதான். இன்னும் ரெண்டு வருஷம் போனா கொண்டை ஸ்டைலே மாறும், பூ எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு பூவும் பெருசாகும், கலர் அடங்கும். குழந்தைத்தனத்துலேருந்து பெரிய மனுஷியா மாறுறத பூ சைஸ்லயே காட்டிடறாங்க. தாமா உருண்டைக்குக் கூட சீசன் உண்டு, குளிர் மாசங்கள்ல சிவப்புப் பவளம், ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் பச்சைக்கல்.

மாசக் கணக்கு எப்படின்னா, பிப்ரவரி உமே பூ, அதாவது குளிர்லயே பூக்குற ஜப்பான் ப்ளம். மார்ச் மஞ்சள் கடுகுப்பூ ஜாதி. ஏப்ரல்ல வேற என்ன, சக்குரா, கூட பட்டாம்பூச்சியும் வரும். 1872லேருந்து நடக்குற மியாகோ ஒதோரி டான்ஸ் நிகழ்ச்சியும் ஏப்ரல்லதான், அதுல ஆடுறவங்களுக்கு மாசப் பூ கிடையாது, எல்லாருக்கும் ஒரே மாதிரி தனி கன்ஸாஷி. மே மாசம் விஸ்டேரியா, அந்த ஊதா சரம் தொங்குற பூ, கன்ஸாஷிக்குன்னே பொறந்த மாதிரி இருக்கும். ஜூன் மழைக்காலம், பச்சை வில்லோ கிளை. ஜூலை கியோன் மட்சுரி நடக்குற மாசம், பூ போயி வட்டமான கைவிசிறி வரும், சீனியர் மைக்கோங்க அந்தத் திருவிழா நாட்களுக்குன்னே வேற ஒரு கொண்டை கட்டி ரெண்டு பக்கமும் உருண்டைப் பூ மாதிரி தனி ஊசி வைப்பாங்க, வருஷத்துல அந்தக் கொஞ்ச நாள்தான் அதப் பாக்க முடியும். ஆகஸ்ட் நாணல் மாதிரி சுசுகி புல், செப்டம்பர் கிக்கியோன்னு நீல மணிப்பூ, அக்டோபர் செவ்வந்தி, நவம்பர் சிவந்த மேப்பிள் இலை.

டிசம்பர்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா அதுல பூவ விட சுவாரசியமான ஒரு விஷயம் இருக்கு. அந்த மாசம் கியோட்டோ மினாமி-ஸா தியேட்டர்ல காஒமிசேன்னு பெரிய கபுகி, அதாவது பாரம்பரிய நாடக சீசன் நடக்கும், நடிகர்கள் பேர் எழுதின மரப்பலகைங்கள தியேட்டர் முன்னாடி வரிசையா மேல தூக்கிக் கட்டுவாங்க. மைக்கோங்களோட டிசம்பர் கன்ஸாஷில கலர் கலரா சின்ன அரிசிக்கேக் உருண்டைங்களோட அந்தப் பலகையோட குட்டி மாடல் ரெண்டு தொங்கும். ரெண்டும் வெறும் பலகை, பேர் எழுதியிருக்காது. அவங்க கூட்டமா நாடகம் பாக்கப் போயி, மேடைக்குப் பின்னாடி தனக்குப் பிடிச்ச நடிகர்கிட்ட கன்ஸாஷிய நீட்டி அந்த விரல் நுனி அளவு பலகைல அவர் பேர எழுதி வாங்கிக்குவாங்க. எழுதினத தலையில மாட்டிட்டு மாசம் பூரா சுத்தணும், யாரோட ரசிகைன்னு ஊருக்கே தெரியும், ஆட்டோகிராஃப் புக் எல்லாம் இதுகிட்ட நிக்காது.

அடுத்து புத்தாண்டு வந்ததும் நிஜ நெற்கதிர், அதோட ஒரு வெள்ளைப் புறா. மைக்கோ வலது பக்கம் வைப்பாங்க, கெய்க்கோ இடது பக்கம். வருஷத்துல கெய்க்கோங்களும் இப்படி சீசன் கன்ஸாஷி வைக்கிறது இந்த ஒரு சமயம்தான். புறாவுக்கு கண் இருக்காது, ஒரு கண்ண தானே வரைஞ்சுக்கிட்டு இன்னொரு கண்ண மனசுக்குப் பிடிச்சவர வரையச் சொன்னா ஆசை பலிக்கும்னு நம்பிக்கை. விருந்துக்கு வர்ற வாடிக்கையாளர்களுக்கு அந்தக் கதிர்லேருந்து நெல்லு உருவிக் குடுப்பாங்க, பர்ஸ்ல வச்சா காசு சேருமாம்.

இந்தப் பூ எல்லாம் எப்படி செய்றாங்கன்னு பாத்தா அசந்து போவீங்க. டெக்னிக் பேர் ட்சுமாமி. மெல்லிசான வெள்ளைப் பட்ட சாயம் போட்டு சின்னச் சின்ன சதுரமா வெட்டுவாங்க, ரெண்டு மூணு சென்டிமீட்டர், சில சமயம் அதுக்கும் கீழ. ஒரு சதுரத்த சாமணத்தால, அதாவது ட்வீசரால, பிடிச்சு குறுக்க மடிச்சா முக்கோணம், அத மறுபடி மடிச்சா இன்னும் சின்ன முக்கோணம். இதுக்கு மேல ரெண்டே வழி, இன்னொரு தடவை அப்படியே மடிச்சா கூர்மையான இதழ், ரெண்டு முனையையும் வெளிப்பக்கமா திருப்பிக் கொண்டு வந்தா உருண்டையான இதழ். அவ்ளோதான், மொத்தக் கலையும் இந்த ரெண்டு மடிப்புதான். உமே பூவுக்கு உருண்டை இதழ் 5 போதும், செவ்வந்திக்கு கூர் இதழ அடுக்கு அடுக்கா வச்சுக்கிட்டே போகணும்.

மடிச்ச இதழ உடனே பூவுல வைக்க மாட்டாங்க. ஒரு பலகைல அரிசிப் பசைய மொழுமொழுன்னு தேய்ச்சு பரப்பி வச்சிருப்பாங்க, மடிச்ச இதழ்களோட வாய அதுல வரிசையா குத்தி நிறுத்தி வைப்பாங்க, பசைய அது மெதுவா குடிக்கணும். குறைவா குடிச்சா மடிப்பு விரிஞ்சிடும், ஜாஸ்தியா ஏறினா பட்டு கறைபட்டு விறைச்சுப் போகும். அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்து கம்பி மாட்டின சின்ன அட்டை வட்டத்துமேல அடுக்குறது, சாமண நுனியாலயே இதழோட வாய லேசா திறந்து விடுறது, நடுவுல மகரந்தம் ஒட்டுறது. அரிசிப் பசை லேட்டா காயும், அதுதான் அதோட குணம், ஒரு இதழ் கோணலா உக்காந்தா நகத்தி சரி பண்ண டைம் இருக்கும். இப்போ வீட்ல யூடியூப் பாத்து பண்றவங்க கெமிக்கல் கம் போடுறாங்க, வேகமா ஒட்டும், ஆனா ஒரு தடவை வச்சா வச்சதுதான், பாத்தாலே அந்த விறைப்பு தெரியும். கடைசில பூ பூவா இருக்கிற கம்பிங்கள பட்டு நூலால சுத்திக் கட்டி ஒரே கொத்தாக்கி ஊசில பொருத்துவாங்க. டோக்கியோல இது எடோ ட்சுமாமி கன்ஸாஷின்னு மாநகர அரசோட பாரம்பரிய கைவினைப் பட்டியல்லயே இருக்கு.

சாதாரண வீட்டுப் பொண்ணுக்கு இந்த ட்சுமாமி பூ வாழ்க்கைல முதல்ல தலைக்கு வர்றது பெரும்பாலும் ஷிச்சி-கோ-சான்ல. நவம்பர் 15ஐ ஒட்டி 3 வயசு, 7 வயசுப் பெண் குழந்தைங்கள கிமோனோ கட்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போற சடங்கு, ஆம்பளைப் பசங்களுக்கு 5 வயசுல. 3 வயசுக் குட்டிக்கு முடியே இருக்காது, இருக்கிறத ரெண்டு குடுமியா போட்டு பக்கத்துக்கு ஒரு பூ கிளிப், அது கோயில் வாசல் வர்றதுக்குள்ள ஒண்ணு கழண்டு அப்பா பாக்கெட்டுக்குப் போயிடும். 7 வயசுன்னா சில வீட்ல பழைய பாணி கொண்டையே கட்டி முழு செட் வைப்பாங்க. அடுத்தது ஜனவரி ரெண்டாவது திங்கட்கிழமை வர்ற வயசுக்கு வந்தோர் தினம். 2022 ஏப்ரல்லேருந்து சட்டப்படி மேஜர் வயசு 18 ஆயிடுச்சு, ஆனாலும் பெரும்பாலான ஊர்ல விழாவ 20 வயசுக்காரங்களுக்குத்தான் நடத்துறாங்க. அன்னைக்கு நீளக்கை ஃபுரிசோதே கிமோனோவும் கை அகல துணிப்பூவுமா பொண்ணுங்க நிக்கிறது ஒரு காட்சிதான். சமீப வருஷங்கள்ல துணிப்பூ போயி காஞ்ச பூ, முறுக்கின காகிதக் கயிறு, முடியிலயே ஒட்டுற தங்க ரேக்குன்னு ஃபேஷன் மாறிட்டு இருக்கு. பாட்டிங்களுக்கு பிடிக்காது. எனக்கு அந்தத் தங்க ரேக்கு கறுப்பு முடில நல்லாத்தான் தெரியுதுன்னு தோணும்.

இந்த சாமான் எல்லாம் தினசரி வாழ்க்கைலேருந்து போனதுக்குக் காரணம் முடிதான். 1885ல பெண்கள் கொண்டைய விட்டுட்டு மேற்கத்திய பாணி சிம்பிள் முடிச்சுக்கு மாறணும்னு சங்கமே ஆரம்பிச்சாங்க, பழைய கொண்டை செலவு, அழுக்கு, தூக்கம் கெடுதுன்னு காரணம் சொன்னாங்க, அதுல நியாயம் இல்லாம இல்ல. கொண்டை போனதும் கோகாய் எதுக்கு. அதனால இன்னைக்கு இது விசேஷத்துக்கு மட்டும்னு ஆயிடுச்சு. பழைய கொண்டைங்கள நிஜ முடில கட்டினதப் பாக்கணும்னா செப்டம்பர் நாலாவது திங்கட்கிழமை கியோட்டோ யாசுயி கொம்பிராகு கோயிலுக்குப் போங்க, 1961லேருந்து அங்க சீப்புத் திருவிழா நடக்குது, உடைஞ்ச சீப்பு, பழைய கன்ஸாஷி எல்லாத்துக்கும் நன்றி சொல்லி பூஜை பண்ணிட்டு, ஒவ்வொரு காலத்து சிகையலங்காரத்தோட பொண்ணுங்க, மைக்கோங்க இருக்கிற கியோன் பேட்டைத் தெருவுல ஊர்வலம் போவாங்க. பழைய பொருளப் பாக்கணும்னா டோக்கியோ மேற்கு ஓரத்துல ஓமெங்கிற ஊர்ல ஆத்தங்கரை ஓரமா சீப்புக்கும் கன்ஸாஷிக்கும்னே ஒரு மியூசியம் இருக்கு.

கல்யாணப் பொண்ணுக்கு ஆமையோட்டு செட்தான் மரியாதை, ஜப்பான்ல பெக்கோன்னு சொல்லுவாங்க. தங்கம் வரைஞ்ச சீப்பு, கோகாய், முன்பக்க ஊசிங்க எல்லாம் ஒரே டிசைன்ல, உசரமான கொண்டை, அதுமேல வெள்ளைத் துணி. இப்போ பெரும்பாலும் விக், செட்டும் வாடகைக்கு, அதுலயும் நிறைய பிளாஸ்டிக். நிஜ பெக்கோ நம்ம கடல்லயும் இருக்கிற அழுங்காமையோட ஓடு, மன்னார் வளைகுடாவுக்கு வர்ற அதே ஆமை. நாகசாகி துறைமுகத்துல வெளிநாட்டுக் கப்பல்ங்க ஓட்டக் கொண்டு வந்து இறக்கினதாலதான் அந்தத் தொழில் அந்த ஊர்ல வேர் விட்டுச்சு. மெல்லிசான ஓட்டுத் துண்டுகள ஒண்ணுமேல ஒண்ணு வச்சு தண்ணியும் சூடும் அழுத்தமும் மட்டும் குடுத்து, பசையே இல்லாம ஒரே கட்டியா ஆக்கிடுவாங்க, அபாரமான கைவேலைதான், மறுக்க முடியாது. ஆனா ஆமை அழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, உலக நாடுங்க நெருக்கி 1992 முடிவோட ஜப்பான் இறக்குமதிய நிறுத்திடுச்சு. இப்போ இருக்கிற கைவினைஞர்கள் பழைய கையிருப்ப வச்சுத்தான் வேலை பாக்குறாங்க.

சரி, நாம வைக்கலாமா. தாராளமா வைக்கலாம், அங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சந்தோஷம்தான் படுவாங்க. கோடை திருவிழாக்கு யுகாத்தாவோட கண்ணாடி மணி வச்ச ஒத்தைக் குச்சி அழகு, 100 யென் கடைலயே கிடைக்கும். ஜீன்ஸ், சுடிதார்க்குக் கூட போகும். சீசன் மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க, நவம்பர்ல சக்குரா வச்சா தெரிஞ்சவங்களுக்கு உறுத்தும், வச்சா அந்தப் பூ பூக்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வைக்கிறதுதான் அங்க ரசனை. கன்னம் வரைக்கும் தொங்குற மைக்கோ சரம், ஓய்ரான் ஊசி ரெண்டும் வேஷம் போடுற ஸ்டூடியோவோட நிக்கட்டும். இன்னொண்ணு, கியோன்ல நிஜ மைக்கோவப் பாத்தா தொடாதீங்க, ஓடி மறிச்சு போட்டோ எடுக்காதீங்க. டூரிஸ்டுங்க கிமோனோவ இழுக்குறது, கன்ஸாஷிய பிடுங்குறதுன்னு புகார் வந்து வந்து, 2019ல அங்க இருக்கிற தனியார் சந்துகள்ல போட்டோ எடுத்தா 10,000 யென்னு போர்டு வச்சாங்க, 2024லேருந்து அந்த சந்துகளுக்குள்ள போறதுக்கே தடை.

ஒத்தைக் குச்சி நிக்க மாட்டேங்குதுன்னு நிறைய பேர் விட்டுடுவாங்க. முடிய ஒண்ணா பிடிச்சு இறுக்கமா முறுக்குங்க, குச்சிய முறுக்குக்குக் குறுக்க வச்சு முடிய அதுல ஒரு சுத்து சுத்துங்க, இப்போ குச்சியோட நுனிய மேல நிமித்தி, அப்படியே திருப்பி, மண்டைய ஒட்டியிருக்கிற முடியையும் கொஞ்சம் கோத்துக்கிட்டு எதிர்ப்பக்கம் தள்ளுங்க. அந்த மண்டையோட ஒட்டின முடி மாட்டலன்னா எவ்ளோ இறுக்கினாலும் அவுந்துடும். எண்ணெய் வச்ச முடில இன்னும் நல்லா நிக்கும், அந்த விஷயத்துல நமக்கு வசதிதான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ரெண்டு. பட்டு ட்சுமாமி பூவ மழைல, வேர்வைல விடாதீங்க, அரிசிப் பசை தண்ணில கரைஞ்சிடும், பெட்டில மூடி வச்சாலும் பூச்சிக்கு அது சாப்பாடு, அதனால ஒரு பூச்சி மருந்து உருண்டை பூவுல படாம ஓரமா போட்டு வைங்க. அடுத்தது, பழைய சாமான் சந்தைல மஞ்சளும் பழுப்புமா தேன் மாதிரி கண்ணாடிப் பளபளப்புல ஒரு சீப்பு ஆசை காட்டும், பெக்கோவான்னு கடைக்காரர்கிட்ட கேளுங்க. ஆமாம்னா கீழ வச்சிடுங்க. ஜப்பானுக்குள்ள பழைய பெக்கோ விக்கலாம், ஆனா நாட்ட விட்டு வெளிய கொண்டு வர சர்வதேசத் தடை இருக்கு, இந்தியால அழுங்காமை வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணைல இருக்கு, இலங்கைலயும் கடலாமை பாதுகாக்கப்பட்டதுதான். பாட்டி காலத்து சாமான்னு நீங்க சொல்றத ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்கு பதிலா ட்சுகேங்கிற கெட்டியான மரத்துல செஞ்ச சீப்பு வாங்குங்க, விலை கூடத்தான், ஆனா அப்பப்போ கமீலியா எண்ணெய் தடவி வச்சா பல வருஷம் உழைக்கும்.